காப்பியின் ருசி அரைப்பில் இருக்கிறது

காப்பிப் பிரியர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு பெரும்பாலும் கொட்டையில்தான் தொடங்கும். பீபரியா, பிளான்டேஷன் ஏ-யா? சிக்மகளூரா, ஏற்காடா? அராபிகா மட்டும் போதுமா, கொஞ்சம் ரொபஸ்டா சேர்க்கலாமா? அடுத்தது வறுப்பு. பிறகு கருவி: பித்தளை பில்டர், பிரெஞ்சு பிரஸ், மோக்கா பாட், காகித வடிகட்டி வைத்த கூம்பு. கொட்டையை எந்தப் பதத்தில் அரைத்தோம் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். பல சமயம் வராமலே போய்விடும். எனக்கு இந்த வரிசை தலைகீழாகப் படுகிறது. வீட்டில் காப்பி போடுகிறவர் கையில் இருக்கும் காரியங்களில் ருசியை அதிகம் மாற்றுவது அரைப்புதான். விலை உயர்ந்த கொட்டைக்கோ புதுக் கருவிக்கோ காசு கொடுக்கும் முன் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வறுத்த கொட்டையின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் தண்ணீரில் கரையக்கூடியது. அதுவும் முழுக்க இறங்கிவிட்டால் காப்பி குடிக்க முடியாததாகிவிடும். புளிப்பும் பழவாசனையும் முதலில் இறங்குகின்றன, இனிப்பு அடுத்து வருகிறது, நாக்கை வறட்டும் கசப்பும் துவர்ப்பும் பின்னால் வருகின்றன. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் செய்த ஆய்வுகளிலிருந்து, தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கினால் பலருக்கும் பிடிக்கும் என்ற அளவுகோல் பிறந்தது. பால் சேர்க்காத காப்பிக்கு அது இன்றும் வழக்கில் இருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்துவது எப்படி என்பதுதான் கேள்வி. எஸ்பிரெசோ இயந்திரத்தில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு அரை நிமிடத்துக்குள் தூளைக் கடந்துவிடுகிறது, பிரெஞ்சு பிரஸ்ஸில் நான்கு நிமிடம் ஊறுகிறது, நம் பில்டரில் கால் மணி நேரமும் அதற்கு மேலும் சொட்டுகிறது. இந்த நேரத்துக்குத் தக்கபடி தூளின் பருமன் மாறியாக வேண்டும். பிரஸ்ஸுக்கான கொரகொரப்புத் தூளை பில்டரில் போட்டால் வெந்நீர் மடமடவென்று இறங்கி, டிகாக்‌ஷன் வெளிறிப்போகும். மாவாக அரைத்ததைப் போட்டால் துளைகள் அடைத்துக்கொண்டு, தட்டித் தட்டி இறக்க வேண்டிவரும். கொட்டை அதேதான், பில்டரும் அதேதான். கிடைப்பதோ வேறு வேறு பானம்.

பருமனைவிடச் சீர்மை இன்னும் முக்கியம். மிக்ஸியின் பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கிறது. பொடித் தூசும் பெரிய துண்டுகளும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். தூசிலிருந்து கசப்பு இறங்கி முடிந்த பிறகும் துண்டுகளுக்குள் பாதிச் சாரம் தங்கிவிடுகிறது. ஒரே வாயில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து தட்டுவது இதனால்தான். அந்தக் காலத்து வீடுகளில் மேஜை விளிம்பில் திருகி மாட்டியிருந்த கை மிஷினில் பற்சக்கரங்களுக்கு நடுவில் கொட்டை நொறுங்கியது. இன்று ஆர்வலர்கள் தேடி வாங்கும் கைக் கிரைண்டரும் அதே முறையில்தான் இயங்குகிறது. 2020-ல் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஹெண்டனும் சக ஆய்வாளர்களும் எஸ்பிரெசோவைப் பற்றி வெளியிட்ட ஆய்வு சீர்மையின் முக்கியத்துவத்துக்கு நல்ல சான்று. தூளை நைஸாக்க ஆக்கச் சாரம் கூட வேண்டும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. ஓர் எல்லைக்கு மேல் அது குறையவே செய்தது. சில இடங்களில் அடைபட்ட தண்ணீர், வேறு இடங்களில் வழி கண்டு ஓடிவிடுகிறது. சற்றுப் பருமனாக அரைத்தபோது குறைந்த கொட்டையிலேயே ஒரே சீரான காப்பி கிடைத்தது.

அப்படியானால் கொட்டைக்கும் வறுப்புக்கும் மதிப்பில்லையா என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. ரொபஸ்டாவில் கஃபீன் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு; அதன் கனத்த கசப்பை எந்த அரைப்பும் பழவாசனையாக மாற்றாது. கொட்டையில் இல்லாத குணத்தைக் கோப்பையில் கொண்டுவர முடியாது. ஆனால் இருக்கும் குணத்தில் எவ்வளவு வெளியே வரும் என்பதை அரைப்பு முடிவுசெய்கிறது. வறுப்பின் பலனும் அதன் வழியாகத்தான் வருகிறது. இளவறுப்புக் கொட்டை கெட்டியானது, சாரத்தை எளிதில் விடாது. அதை நைஸாக அரைத்து நல்ல கொதிநீரை ஊற்ற வேண்டும். கருக வறுத்தது மொறுமொறுவென்று உடைந்து தூசு அதிகமாகும், சீக்கிரம் கரையும். அதற்குப் பருமனான அரைப்பே பொருந்தும். இரண்டையும் ஒரே பதத்தில் அரைத்து ஒப்பிட்டு, இளவறுப்பு வெறும் புளிப்பு என்று தள்ளிவிடுவது அந்தக் கொட்டைக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொரு மறுப்பு கனமானது. நாம் குடிப்பது சிக்கரி கலந்த பால் காப்பி, அதில் இந்த நுணுக்கமெல்லாம் தெரியுமா? இதில் பாதி உண்மை. சிக்கரி வேர், காப்பியைவிட மிக அதிகமாகத் தண்ணீரில் கரையும். நிறமும் கனமும் அதிலிருந்தே வந்துவிடும். பாலின் புரதமோ துவர்ப்பைப் பிடித்து மட்டுப்படுத்துகிறது. சிக்கரி 40 சதவீதம் இருக்கும் கலவைக்கு அரிய தோட்டத்துக் கொட்டை வாங்குவது வீண் செலவு என்றே நானும் சொல்வேன். ஆனால் அரைப்பு அங்கேயும் விடாது. பாலில் கலந்தும் ருசி நிற்க வேண்டுமானால் டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டாக இறங்க வேண்டும். அதற்குத் தண்ணீர் தூளுக்குள் நின்று நிதானமாக இறங்கியாக வேண்டும். சிக்கரியே போடாமல் பீபரியும் பிளான்டேஷனும் மட்டும் வாங்கும் வீடுகளில், கனத்துக்குத் துணை எதுவும் இல்லாததால், இது இன்னும் அவசியம்.

நல்ல கிரைண்டர் விலை கூடியதுதான். எல்லாரும் வாங்க வேண்டியதில்லை. கண் முன்னால் அரைத்துக் கொடுக்கும் காப்பித்தூள் கடைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அந்த மிஷின்களில் பதத்தை மாற்ற முடியும். என்ன கருவியில் போடப்போகிறோம் என்று சொல்லி அரைக்கச் சொல்லலாம். அரைத்த தூள் கொட்டையைவிட வெகு சீக்கிரம் வாசனையை இழப்பதால், அரைக் கிலோவாக வாங்கிச் சேர்த்து வைக்காமல் வாரத்துக்கு 100 கிராம், 200 கிராம் என்று வாங்குவது நல்லது. இந்த வாரம் டிகாக்‌ஷன் மடமடவென்று இறங்கியிருந்தால் அடுத்த முறை ஒரு சுற்று நைஸாக, அடைத்துக்கொண்டால் ஒரு சுற்று பருமனாக. கலவையையும் தண்ணீர் அளவையும் பதம் பிடிபடும்வரை மாற்றாமல் இருந்தால் போதும்.