பாயிண்டில் மின்சாரம் பக்கம் மாறும்போது

லிவர்பூல் நகரின் மெக்கானோ நிறுவனம் 1938-இல் ‘ஹார்ன்பி டப்ளோ’ மாதிரி ரயில்களை விற்கத் தொடங்கியபோது அவற்றின் தடத்தில் மூன்று தண்டவாளங்கள் இருந்தன. நடுத் தண்டவாளம் இன்ஜினுக்கு மின்சாரம் கொடுத்தது. வெளித் தண்டவாளங்கள் இரண்டும் சேர்ந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டன. மின்சாரத்தைப் பொறுத்தவரை அதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. ஆனால் நிஜ ரயில் பாதையில் நடுத் தண்டவாளம் எங்கே இருக்கிறது? 1959-இல் அந்த நிறுவனமே இரண்டு தண்டவாளத் தடத்தைக் கொண்டுவந்தது. அழகு கூடியது. மின்சாரச் சிக்கல் முழுவதும், பாதை பிரியும் பாயிண்டுக்கும் பாதைகள் வெட்டிக்கொள்ளும் கிராசிங்குக்கும் வந்து சேர்ந்தது.

இரண்டு தண்டவாள முறையில் ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். வழக்கமாக 12 வோல்ட் நேர்மின்சாரம். இடப்பக்கச் சக்கரங்கள் ஒன்றிலிருந்தும் வலப்பக்கச் சக்கரங்கள் இன்னொன்றிலிருந்தும் மின்சாரம் எடுத்து மோட்டாருக்குத் தருகின்றன. பிளஸும் மைனஸும் தொட்டுக்கொள்ளாத வரை தொல்லை இல்லை. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் நேர்ப்பாதையின் ஒரு தண்டவாளமும் கிளைப்பாதையின் ஒரு தண்டவாளமும் ஒன்றையொன்று வெட்டியாக வேண்டும். அங்கே இருக்கும் கூர்முனை உலோகத் துண்டுக்கு மாதிரி ரயில்காரர்கள் மத்தியில் ‘ஃபிராக்’ என்று பெயர். வண்டி நேராகப் போகும்போது அந்தத் துண்டு மைனஸ் என்றால், கிளைக்குத் திரும்பும்போது பிளஸாக இருக்க வேண்டும். பாயிண்ட் வயரிங் என்பது பெரும்பாலும் இந்தச் சிறு துண்டைச் சமாளிக்கும் வேலைதான்.

சுலபமான வழி, அந்தத் துண்டைப் பிளாஸ்டிக்கில் செய்துவிடுவது. சிட்னி பிரிட்சார்ட் 1946-இல் தொடங்கிய பெக்கோ, இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பியர் என்ற ஊரில் இயங்குகிறது. உலகம் முழுக்க விற்கும் அதன் பாயிண்டுகளில் இந்த வகைக்கு ‘இன்சுல்ஃபிராக்’ என்று பெயர். பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினால் போதும், தனி வயர் தேவையில்லை. ஆனால் நான்கே சக்கரம் உள்ள சின்ன ஷண்டிங் இன்ஜின் மெதுவாக ஊர்ந்து வரும்போது, பிளாஸ்டிக் மேல் ஏறியதும் மின்சாரம் அறுந்து நின்றுவிடும். மெதுவாக ஓட்டுவதுதான் ஷண்டிங்கின் இன்பம்; அது அங்கேயே போய்விடுகிறது.

அதனால் பொறுமை உள்ளவர்கள் முழு உலோக ஃபிராக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெக்கோ அதை ‘எலெக்ட்ரோஃபிராக்’ என்று விற்றது. இதில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு: ஃபிராக்கிலிருந்து வெளியே போகும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் உலோக இணைப்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் இணைப்பு போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த தடத்தின் மின்சாரம் பின்பக்கமாக வந்து ஃபிராக்கில் மோதும். பாயிண்டைத் திருப்பிய கணமே ஷார்ட். (நிஜ ரயில்வேயிலும் இதற்கு ஒப்பான வேலை உண்டு. தடத்தில் வண்டி நிற்பதைச் சிக்னலுக்குத் தெரிவிக்கும் டிராக் சர்க்யூட்டுக்கு அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை பெற்றார். அந்த முறை உள்ள இடங்களில் பாயிண்டுகளில் இன்சுலேட் செய்த இணைப்புகள் வைத்தே தீர வேண்டும்.)

சரி, ஃபிராக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? பழைய எலெக்ட்ரோஃபிராக்கில் நகரும் நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடும்போது அந்தத் தொடுதல் வழியாகவே வந்தது. புதிதாக இருக்கும்போது நன்றாகத்தான் வேலை செய்யும். தூசி படிந்தால், பெயிண்ட் ஒட்டினால் தொடுதல் கெட்டுவிடும். அதோடு இரண்டு நாக்குகளும் ஃபிராக்கோடு இணைந்தே இருப்பதால், திறந்திருக்கும் நாக்குக்கும் அதை ஒட்டிய தண்டவாளத்துக்கும் எதிரெதிர் மின்சாரம். சக்கரத்தின் பின்புறம் லேசாக உரசினாலும் ஷார்ட்.

நேர்மின்சாரக் கன்ட்ரோலரில் அந்தக் கண நேர ஷார்ட் கண்ணுக்கே தெரியாது. 1990-களில் அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் (என்.எம்.ஆர்.ஏ.) தரப்படுத்திய டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறையில் அப்படியல்ல. அதே உரசலில், தடத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் அதை வெட்டிவிடும், லேஅவுட் முழுவதும் ஓடும் எல்லா ரயில்களும் நின்றுபோகும். எனவே நாக்குக்கும் ஃபிராக்குக்கும் இடையிலான இணைப்பைத் துண்டித்து, ஒவ்வொரு நாக்கையும் தன் பக்கத்துத் தண்டவாளத்தோடு வயரால் சேர்த்துவிடுகிறார்கள். ஃபிராக்குக்குத் தனி வயர், தனி சுவிட்ச். பாயிண்டை நகர்த்தும் அதே தண்டு ஒரு மைக்ரோ சுவிட்சையும் தட்டினால், நாக்கு மாறும்போது ஃபிராக்கும் மாறும். ‘டார்ட்டாய்ஸ்’ போன்ற மெதுவாக நகரும் பாயிண்ட் மோட்டார்களில் அந்த சுவிட்ச் உள்ளேயே இருக்கிறது. இரட்டைச் சுருள் சோலனாய்டு மோட்டார் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அதற்குக் கண நேரத் துடிப்பே போதும். பொத்தான் ஒட்டிக்கொண்டு மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் சுருள் கருகிவிடும்.

டைமண்ட் கிராசிங்கில் கதை இன்னும் நுட்பமானது. இரண்டு பாதைகள் குறுக்கே வெட்டும் அந்த அமைப்பின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஃபிராக். ஒன்று பிளஸ் என்றால் மற்றது மைனஸ். வண்டி அடுத்த பாதையில் வரும்போது இரண்டும் இடம் மாற வேண்டும். பாயிண்டில் நாக்கு நகர்கிறது, அதோடு சுவிட்சைக் கட்டிவிடலாம். சாதாரண டைமண்டில் நகரும் பாகமே இல்லை. அதனால் பக்கத்துப் பாயிண்டுகளின் சுவிட்சோடு இணைக்கிறார்கள், அல்லது ஷார்ட்டை உணர்ந்து தானே துருவம் மாற்றும் மின்னணு அட்டையைப் பொருத்துகிறார்கள்.

டைமண்டுக்குள்ளேயே நான்கு வழிகளையும் அடக்கிய டபுள் ஸ்லிப்பில் தேர்ந்த கைகளும் தடுமாறும். அதில் இரண்டு முனைகளுக்கும் தனித்தனி மோட்டார். ஒரு முனையின் ஃபிராக்கை மாற்ற வேண்டியது எதிர் முனையின் மோட்டார். வண்டி உள்ளே நுழையும் பக்கத்து நாக்குதான் அது எந்த வழியாக வெளியேறும் என்று முடிவு செய்கிறது. வெளியேறும் இடத்து ஃபிராக் அந்த முடிவுக்குத்தான் கட்டுப்பட வேண்டும். இதை ஒரு தாளில் வரைந்து பார்க்காமல் வயரைத் தொடாதீர்கள்.

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனத்தின் எச்.ஓ. அளவுத் தடங்களில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. நடுத் தண்டவாளத்தைச் சிறு உலோகக் குமிழ்களாகச் சுருக்கி, தொடக்கத்தில் சொன்ன மூன்று தண்டவாள முறையையே அது அவற்றில் தொடர்கிறது.

வயரிங் முடிந்ததைச் சோதிக்கக் காரின் பிரேக் விளக்குப் பல்பு ஒன்று போதும். 12 வோல்ட், 21 வாட் பல்பைத் தடத்துக்குப் போகும் ஒரு வயரில் தொடராக இணைத்தால், ஷார்ட் ஆனாலும் ஏறத்தாழ 1.75 ஆம்பியருக்கு மேல் பாயாது. பல்பு பளிச்சென்று எரியும், அவ்வளவுதான். ஒவ்வொரு பாயிண்டையும் பொருத்தியவுடன் இரு திசையிலும் திருப்பி, உலோகச் சக்கரம் உள்ள ஒரு வேகனைக் கையால் மெதுவாக உருட்டிப் பார்க்க வேண்டும். அடுத்த பாயிண்டைப் பலகையில் வைப்பது அதற்குப் பிறகுதான். ஜல்லி தூவிப் பசை ஊற்றிய பின் தடத்தைப் பெயர்த்து வயரைத் தேடுவது மிகக் கடினம்.