கையெழுத்துப் போட மறுக்கலாமா?

2020 நவம்பர் 23. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அதிபர் தேர்தல் முடிவுக்குச் சான்று வழங்கும் வாரியம் கூடியது. உறுப்பினர்கள் நான்கு பேர்: குடியரசுக் கட்சியினர் இருவர், ஜனநாயகக் கட்சியினர் இருவர். ஜோ பைடன் சுமார் 1,54,000 வாக்குகள் முன்னிலையில் இருந்தார். டெட்ராய்ட் நகரம் அடங்கிய வெய்ன் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தணிக்கை நடத்த வேண்டும், அதுவரை 14 நாள் தள்ளிவையுங்கள் என்று குடியரசுக் கட்சி கேட்டிருந்தது.

அந்தக் கட்சியைச் சேர்ந்த உறுப்பினர் ஆரோன் வான் லாங்கெவெல்டே ஒரு வழக்கறிஞர். தணிக்கை முடியும்வரை சான்றை நிறுத்திவைக்க இந்த வாரியத்துக்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று சொல்லி, சான்று வழங்க வாக்களித்தார். அவருடைய கட்சிக்காரர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். மூன்று வாக்குகளில் தீர்மானம் நிறைவேறியது.

இந்தக் கையெழுத்துக்கு என்ன பொருள்? தேர்தல் அப்பழுக்கில்லாமல் நடந்தது என்பதல்ல. கவுண்டிகளிலிருந்து வந்த கணக்கைக் கூட்டினால் இந்தத் தொகை வருகிறது என்பது மட்டுமே. டெட்ராய்டில் சர்ச்சை எழுந்ததும் இந்தக் கணக்கில்தான். பல இடங்களில் பதிவேட்டில் இருந்த வாக்காளர் எண்ணிக்கையும் வாக்குச்சீட்டு எண்ணிக்கையும் சற்று முன்பின்னாக இருந்தன. அவசரமாக எழுதும்போது இப்படி நேர்வது புதிதல்ல. ஒன்றரை லட்சம் வாக்கு வித்தியாசத்தை அது புரட்டிவிடாது.

'மனசாட்சி ஒப்பவில்லை' என்று சொல்பவரை எளிதில் ஒதுக்கிவிட முடியாதுதான். ஆனால் 2022 ஜூனில் நியூ மெக்சிகோவின் ஒட்டேரோ கவுண்டியில் நடந்ததைப் பாருங்கள். வாக்கு இயந்திரங்கள் மேல் நம்பிக்கையில்லை என்று சொல்லி, கட்சி வேட்பாளர் தேர்வுக்கான தேர்தல் முடிவுக்கு மூன்று ஆணையர்களும் சான்று தர மறுத்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு இருவர் இறங்கிவந்தார்கள். கூய் கிரிஃபின் மட்டும் மறுத்தார். ஆதாரம் எதுவும் இல்லை, தன் உள்ளுணர்வே போதும் என்று அவரே சொன்னார். ஒருவரின் உள்ளுணர்வுக்காக ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

ஆதாரம் உள்ளவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. வேட்பாளர் மறு எண்ணிக்கை கேட்கலாம், வழக்குப் போடலாம். அங்கே சாட்சியை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். கையெழுத்திடவே மனம் வராத அதிகாரி பதவியை விட்டு விலகலாம். அதில் நேர்மை உண்டு. பதவியில் உட்கார்ந்துகொண்டே முடிவை நிறுத்திவைப்பது, தனக்குத் தரப்படாத தீர்ப்பு அதிகாரத்தை எடுத்துக்கொள்வது.

வான் லாங்கெவெல்டேவின் பதவிக்காலம் முடிந்ததும் கட்சி அவரை மீண்டும் பரிந்துரைக்கவில்லை. சான்று வழங்குவதில் வாரியத்துக்கு விருப்புரிமை கிடையாது என்று 2022 நவம்பரில் மிச்சிகன் வாக்காளர்கள் மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள்.