பரணில் கிடக்கும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்: பிளக் போடும் முன் இதைப் படிங்க!

மாங்கனித் திருவிழாவோ, கல்யாணமோ, காதுகுத்தோ... ஒருகாலத்தில் காரைக்கால் பக்கம் எந்த விசேஷம் என்றாலும் மைக் செட் வந்து இறங்கிவிடும். டிரான்சிஸ்டர் பரவும்வரை அந்த செட்டின் இதயமாக இருந்தது வால்வு ஆம்ப்ளிஃபையர். காயலான் கடைக்குப் போகாமல் தப்பியவற்றைத்தான் இப்போது கிட்டார் வாசிப்பவர்கள் தேடுகிறார்கள்.

வால்வு சத்தத்தில் அப்படி என்ன இருக்கு?

டிரான்சிஸ்டர் ஆம்ப் அதன் எல்லையைத் தாண்டினால் ஒலி அலையின் உச்சி கத்தரித்ததுபோல வெட்டுப்படும். வால்வு அதை மெதுவாக அமுக்கும். அந்த லேசான கரகரப்புதான் ராக் கிட்டாரின் குரல். லண்டனில் 1960-களின் தொடக்கத்தில் வந்த மார்ஷல் நிறுவனத்தின் முதல் ஆம்ப், அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்து உருவானதே. இந்தியாவிலும் 1954-ல் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ், பெங்களூருவில் வால்வுகள் தயாரித்தது.

எடுத்ததும் ஆன் பண்ணலாமா?

கூடாது. முதலில் பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. பிரான்சிலும் முன்பு 110, 127 வோல்ட் இணைப்புகள் இருந்தன. பிரெஞ்சுத் தொடர்புள்ள காரைக்கால் குடும்பங்களில் அங்கிருந்து வந்த பழைய பெட்டி இருந்தால், இதைப் பார்க்காமல் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும்.

மெக்கானிக் என்ன செய்வார்?

1. இரண்டு பின் வயரை மாற்றி, எர்த் உள்ள மூன்று பின் வயர் போடுவார். உலோகப் பெட்டியில் எர்த் இல்லையென்றால், கிட்டார் கம்பி வழியாகவே ஷாக் அடிக்கலாம்.

2. சீரியஸ் பல்பு வைத்துச் சோதிப்பார். பழைய குண்டு பல்பை ஆம்ப்போடு தொடராக இணைத்து ஆன் செய்தால், உள்ளே ஷார்ட் இருக்கும்போது பல்பு பளிச்சென எரியும். ஆம்ப் தப்பிக்கும். இதற்கு எல்.இ.டி பல்பு உதவாது.

3. பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களை மாற்றுவார். பல வருஷத்தில் உள்ளிருக்கும் திரவம் வற்றிவிடும். 'ம்ம்ம்' என்ற இரைச்சலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

4. கப்ளிங் கெபாசிட்டர்களைச் சோதிப்பார். இவை கசிந்தால் அவுட்புட் வால்வின் உள்தகடு செக்கச்செவேலென்று பழுத்து, வால்வே போய்விடும்.

5. கடல் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. வால்வு சாக்கெட், வால்யூம் கன்ட்ரோல், ஜாக் எல்லாம் களிம்பேறியிருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தாலே பாதி 'கரகர' போய்விடும்.

வால்வு எல்லாம் புதுசு போடணுமா?

அவசியமில்லை. நல்ல வால்வு பல வருஷம் உழைக்கும். சோதித்த பிறகே முடிவு செய்யலாம். ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவில் இன்றும் தயாராகின்றன. அவுட்புட் வால்வை மாற்றினால் பயாஸையும் சரிபார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் நன்றாக இருந்தால் கை வைக்காதீர்கள். அந்த ஆம்ப்பின் தனிக்குரலே அவற்றில்தான் இருக்கிறது. கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் விற்கும்போது மதிப்பு கூடும்.

மைக் செட் ஆம்ப்பில் கிட்டார் வாசிக்கலாமா?

வாசிக்கலாம், ஆனால் அப்படியே செருக முடியாது. குழாய் ஸ்பீக்கருக்கான 100 வோல்ட் லைனில் சாதாரண ஸ்பீக்கரை இணைக்கக் கூடாது. பொருத்தமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மைக்குக்கான இன்புட்டையும் கிட்டாருக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியிருக்கும்.

நாமே திறந்து பார்க்கலாமா?

இங்கேதான் உயிர் விஷயம். உள்ளே 400 வோல்ட்டைத் தாண்டிய மின்னழுத்தம் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மல்டிமீட்டரில் பூஜ்ஜியம் காட்டிய பிறகே மெக்கானிக் கை வைப்பார். பழக்கமில்லாதவர்கள் வெளியே தூசி துடைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரியாகி வந்த பிறகும் ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஆன் செய்யவே கூடாது. செய்தால், அதில் விலை அதிகமான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் போகும்.