மாரத்தான் ஓட வெளியூர் போறீங்களா? என்ட்ரி ஃபீஸை மட்டும் பார்த்து ரெஜிஸ்டர் பண்ணாதீங்க!

ஒரு மாரத்தான் போஸ்டர் உங்க வாட்ஸ்அப் குரூப்ல வருது. என்ட்ரி ஃபீஸ் 1,200 ரூபாய். "ஒரு சினிமாவை விட்டா போச்சு"ன்னு உடனே ரெஜிஸ்டர் பண்ணிடறீங்க. ஓடி முடிச்ச திங்கட்கிழமை, அந்த ரெண்டு நாள்ல வந்த பேங்க் மெசேஜ்களை வரிசையா கூட்டிப் பாருங்க. பஸ், ரூம், ஆட்டோ, ஜெல், புது டி-ஷர்ட், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடுன்னு எல்லாம் சேர்ந்து 8,000, 9,000-னு வந்து நிற்கும். அந்த 1,200 எங்கேயோ அடியில கிடக்கும்.

நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆனவங்க பல பேர் இப்போ ஓட ஆரம்பிச்சிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். உங்க தெருவுல ஓடறதுக்கு யாரும் காசு கேட்கப் போறதில்லை. ஓடறதுக்காக ஊர் ஊரா போறதுலதான் பர்ஸ் காலியாகுது. அதுக்காகப் போகவே வேண்டாம்னு சொல்ல வரலை. எந்த ரன்னுக்குப் போகலாம்னு முடிவு பண்ணும்போது, நம்ம வீட்டு வாசல்ல இருந்து கிளம்பி திரும்ப அதே வாசலுக்கு வர்ற வரைக்கும் என்ன ஆகும்னு ஒரு கணக்கு போடணும். அந்தக் கணக்குல சின்ன ரன்கள்தான் ஜெயிக்கும்.

ரெண்டு ரன், ரெண்டு கணக்கு

சென்னையில இருக்கிற, கைக்கு மாசம் 35,000 வாங்கற ஒருத்தரை எடுத்துக்குவோம். தொகைகள் எல்லாம் மாதிரிக்காக நான் போட்டவை. உங்க தேதிக்கும் ஊருக்கும் ஏத்த மாதிரி மாத்திக்குங்க.

முதல் கணக்கு, மும்பை மாதிரி ஒரு பெரிய நகர மாரத்தான். என்ட்ரி 3,000. ரயில்ல போனா ஒரு வழிக்கே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அதனால பெரும்பாலும் ஃபிளைட்தான், போய் வர 9,000. ரெண்டு ராத்திரி ரூம் 6,000. சாப்பாடு, டாக்ஸி 3,000. மொத்தம் 21,000. இதுல என்ட்ரி ஃபீஸ் ஏழுல ஒரு பங்குதான். ரெண்டு ராத்திரி எதுக்குன்னு கேட்டா, மும்பை மாதிரி பெரிய போட்டிகள்ல பிப் நம்பரை முந்தின நாட்கள்லயே நேர்ல போய் வாங்கிடணும். ஓடற அன்னைக்குக் காலையில தர மாட்டாங்க. அந்த ஒரு விதி உங்களுக்குக் கூடுதலா ஒரு ராத்திரி ரூம் வாடகை, சில சமயம் ஒரு நாள் லீவும் வைக்குது. லீவ் தீர்ந்து போய் சம்பளப் பிடித்தம் ஆனா, 35,000-ல ஒரு நாளுக்கு ஏறக்குறைய 1,170 ரூபாய். அது மேலே போட்ட 21,000-ல சேரவே இல்லை.

ரெண்டாவது கணக்கு, பிப்ரவரியில நடக்கிற ஆரோவில் மாரத்தான் மாதிரி ஒண்ணு. சென்னையில இருந்து சுமார் 150 கிலோமீட்டர். காட்டுக்குள்ள செம்மண் பாதை, கிராமத்துத் தெருன்னு ஓட்டம் போகும். ஃபுல், ஹாஃப், 10 கி.மீ. மூணும் உண்டு. முதல்ல வந்தவருக்குப் பரிசு கிடையாது, நேரம் கணக்கிடுற சிப்பும் கிடையாது. சந்தோஷத்துக்காக ஓடுங்கன்னுதான் கூப்பிடறாங்க. இப்படி ஒரு ரன்னுக்கு என்ட்ரி 1,200, பஸ் போய் வர 600, டார்மிட்டரியிலயோ பகிர்ந்த ரூம்லயோ ஒரு படுக்கை 1,000, உள்ளூர் ஆட்டோ 500, சாப்பாடு 600-ன்னு வச்சுக்குங்க. மொத்தம் 3,900.

முதல் கணக்குல ஒரு தடவை ஓடற காசுல ரெண்டாவது மாதிரி அஞ்சு ஓடலாம். இன்னும் 1,500 மிச்சம் இருக்கும்.

சின்ன ரன் ஏன் மலிவு?

மட்டமா நடத்தறாங்கன்னு அர்த்தம் இல்லை. நகரத்துக்குள்ள 42.195 கி.மீ. ஓட வைக்கணும்னா பாதி ஊரோட ரோட்டை அடைக்கணும், ஒவ்வொரு ஜங்ஷன்லயும் தடுப்பும் ஆளும் வேணும். பரிசுப் பணம், வெளிநாட்டு ஓட்டக்காரங்க, மூணு நாள் எக்ஸ்போ, மேடை, ஒவ்வொருத்தர் பிப்லயும் சிப். காட்டுப் பாதையிலயோ ஏரிக்கரையிலயோ 500 பேரை ஓட வைக்கிறதுக்கு இதுல முக்கால்வாசி தேவையில்லை. வாலன்டியர்களும் பெரும்பாலும் அந்த ஊர் ரன்னிங் குரூப்ல இருக்கிறவங்களாத்தான் இருப்பாங்க.

காலை 4 மணிப் பிரச்சினை

காசு சேமிக்கிறேன்னு நிறைய பேர் காசு விடறது இங்கதான். ஓட்டம் 5 மணிக்கு ஆரம்பம்னா 4 மணிக்கு நீங்க அங்க இருக்கணும். அந்த நேரத்துக்கு டவுன் பஸ் இருக்காது, ஷேர் ஆட்டோ இருக்காது. புதுச்சேரியில வார இறுதி ரூம் வாடகை அதிகம்னு 40 கி.மீ. தள்ளி திண்டிவனத்துல 700 ரூபாய்க்கு ரூம் போட்டா, விடியக்காலை 3 மணிக்கு டாக்ஸிக்காரர் சொல்றதுதான் ரேட். ரூம்ல மிச்சம் பிடிச்சது அப்படியே அவர் கைக்குப் போகும். தூக்கம் போனது தனி. அதனால ரூம் தேடும்போது வாடகையோட, அங்கிருந்து ஸ்டார்ட் பாயிண்ட்டுக்குப் போற செலவையும் சேர்த்துப் பாருங்க. நடந்து போற தூரத்துல 1,300-க்கு ஒரு படுக்கை கிடைச்சா அதுதான் மலிவு.

இதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. நாலு பேர் சேர்ந்து ஒரு கார்ல போங்க. போய் வர 300 கி.மீ., லிட்டருக்கு 15 கிடைச்சா 20 லிட்டர் பெட்ரோல், லிட்டர் 100-ன்னு வச்சா 2,000. தலைக்கு 500, மேல டோல் கொஞ்சம். கிட்டத்தட்ட பஸ் டிக்கெட் காசுதான் ஆகுது, 4 மணிப் பிரச்சினையும் தீர்ந்துடுது. ஒரே ஒரு கண்டிஷன்: திரும்பி வரும்போது வண்டி ஓட்டறவர் 10 கி.மீ. ஓடினவரா இருக்கட்டும். 42 ஓடிட்டு வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டாம், தயவு செஞ்சு.

பஸ்லதான் போறீங்கன்னா ஞாயிறு மதியமே கிளம்பிடுங்க. ஹாஃப் ஓடறவங்க எட்டு, எட்டரைக்குள்ள முடிச்சிடலாம். சாயங்காலம் புதுச்சேரி ஸ்டாண்டுல நிற்கிற கூட்டத்தை ஒரு தடவை பார்த்தவங்களுக்கு நான் ஏன் சொல்றேன்னு புரியும். மதியம் கிளம்பினா திங்கட்கிழமை லீவும் வேண்டாம்.

பெங்களூர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இதே ஆரோவில் 300 கி.மீ.க்கு மேல. அவங்க கணக்குல இது மலிவு ரன் கிடையாது. நாலு மணி நேரப் பயணத்துக்குள்ள என்ன ரன் இருக்குன்னுதான் முதல்ல தேடணும். அதுக்கு மேல போனா ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி ஆகிடும். சென்னையில இருந்து கோவை போறதையே எடுத்துக்குங்க. சனிக்கிழமை ராத்திரி ரயில் விடியற நேரத்துக்குத்தான் போய்ச் சேரும், அதுக்குள்ள ஓட்டம் ஆரம்பிச்சிருக்கும். அதனால வெள்ளி ராத்திரியே கிளம்பணும், சனி ஒரு ரூம் போடணும். திரும்பி வர ஞாயிறு ராத்திரி ரயில் பிடிச்சா திங்கள் காலை ஆபீஸ் போயிடலாம்.

எதுல சிக்கனம் கூடாது?

நம்ம பக்கம் நிறைய குறைக்கலாம். ஆனா ஆர்கனைசர் குறைக்கக் கூடாத விஷயங்கள் இருக்கு. அதுல கை வச்சுத்தான் 400 ரூபாய் என்ட்ரி ஃபீஸ்னு போஸ்டர் போட்டிருக்காங்களான்னு பாருங்க.

பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் அனுப்பி கேளுங்க. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணி பாயிண்ட்? ஆம்புலன்ஸ் எங்க நிற்கும்? பாதையை எப்படி அடையாளம் போட்டிருக்கீங்க? கட்-ஆஃப் நேரத்துக்கு அப்புறம் பின்னாடி மாட்டிக்கிட்டவங்களைக் கூட்டிவர வண்டி உண்டா? நேரடியா பதில் வந்தா நம்பலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம் ப்ரோ"ன்னு வந்தா, ஃபீஸ் எவ்வளவு குறைவா இருந்தாலும் விட்டுடுங்க.

காட்டுக்குள்ளயோ மலையிலயோ நடக்கிற டிரெயில் ரன்னா இருந்தா இன்னொரு கேள்வி: வனத்துறை அனுமதி வாங்கியாச்சா? 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில சிக்கி, மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல இறந்தாங்க. இது ஏதோ பேப்பர் சமாச்சாரம் இல்லைன்னு அதுக்கப்புறம் நமக்கெல்லாம் தெரியும். 2021 மே மாசம் சீனாவோட கான்சு மாகாணத்துல 100 கி.மீ. மலை ஓட்டத்துல திடீர்னு வானிலை மாறி, குளிர்ல 21 ஓட்டக்காரங்க இறந்து போனாங்க. அங்க காத்து தாங்கற ஜாக்கெட்டை கட்டாயமா எடுத்துட்டு வரணும்னு விதி இருக்கலை. நம்ம ஊர்ல பிரச்சினை குளிரை விட வெயில்தான். பிப்ரவரியிலயே கடற்கரை ஓரம் எட்டு மணிக்கு மேல வெயில் ஏறிடும். முதல் ஃபுல் மாரத்தானுக்கு அஞ்சு ஆறு மணி நேரம் ஆகும்னா, கடைசி ரெண்டு மணி நேரம் நீங்க வெயில்ல இருப்பீங்க. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் தொப்பியையும் சிக்கனம் பண்ணாதீங்க.

ஷூ பத்தி

இது யாரும் பட்ஜெட்ல எழுதாத செலவு. ஒரு ரன்னிங் ஷூ பொதுவா 500-ல இருந்து 800 கி.மீ. வரைக்கும் உழைக்கும். 5,000 ரூபாய் ஷூ, 600 கி.மீ.ன்னு வச்சா ஒரு கிலோமீட்டருக்கு 8 ரூபாய் சொச்சம். ஹாஃப் மாரத்தானுக்கு 12 வாரம், வாரம் 30 கி.மீ. பயிற்சின்னா 360 கி.மீ., அதாவது 3,000 ரூபாய்க்கு ஷூ தேய்ஞ்சிருக்கும். மும்பை போனாலும் ஆரோவில் போனாலும் இது மாறாது. அதனாலதான் ஒரு தடவை தயாரானவங்க அதே சீசன்ல ரெண்டு மூணு சின்ன ரன் ஓடறது லாபம். பயிற்சிக்கான செலவு பிரிஞ்சிடும்.

"டிரெயில்"னு பேர் இருக்குன்னு உடனே டிரெயில் ஷூ வாங்காதீங்க. காய்ஞ்ச செம்மண் பாதைக்கு உங்ககிட்ட இருக்கிற ரோடு ஷூ போதும். கல்லும் சரிவுமா இருக்கிற மலை ரன்கள் வருஷத்துக்கு ரெண்டு மூணு ஓடறேன்னு முடிவான பிறகு வாங்கிக்கலாம்.

காசு எங்கிருந்து வரணும்?

வருஷத்துக்கு நாலு சின்ன ரன், ஒண்ணுக்கு 3,900. மொத்தம் 15,600, மாசம் 1,300. சம்பளம் வந்த மறுநாள் 1,300 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போட்டுடுங்க, இல்லைன்னா தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு மாத்துங்க. பிப்ரவரியில ஓடறவங்க அதுக்கு முந்தின ஜூன்லயே ஆரம்பிச்சிடலாம். ஓராண்டுக்குள்ள செலவாகப் போற காசை ஈக்விட்டி ஃபண்டுல போடாதீங்க. எமர்ஜென்சி ஃபண்டுல இருந்தும் எடுக்காதீங்க. அதுல மெடல் வாங்கற செலவுக்கு இடமில்லை.

கிரெடிட் கார்டுல தேய்க்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. அந்த 21,000-ஐ கார்டுல போட்டு, மினிமம் டியூ மட்டும் கட்டறீங்க. மாச வட்டி 3.5%-ன்னா முதல் மாசமே சுமார் 735 ரூபாய், அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. சேர்த்து 867. ஆரோவில் போய் வர பஸ் காசை விட அதிகம். பாக்கி வச்சிருக்கிற வரைக்கும் புதுசா வாங்கற பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது.

அடுத்தது இன்சூரன்ஸ். ஹெல்த் பாலிசியில ஆபத்தான விளையாட்டுகளுக்கான விலக்கு பொதுவா தொழில்முறையா பங்கெடுக்கிறவங்களுக்குத்தான். ஆனாலும் உங்க ஆபீஸ் பாலிசியோட வார்த்தைகளை ஒரு தடவை படிச்சிடுங்க. உண்மையில ஓட்டக்காரங்களுக்கு வர்ற செலவு ஆஸ்பத்திரி அட்மிஷன் இல்லை, முட்டிவலிக்கும் கணுக்கால் பிசகினதுக்கும் போற பிசியோதெரபி. அது பெரும்பாலான பாலிசிகள்ல வராது, கைக்காசுதான். ரன் ஃபண்டுல ஒரு 2,000 இதுக்குன்னு தனியா இருக்கட்டும்.

"சேரிட்டி ரன்தானே, டாக்ஸ்ல கழிச்சுக்கலாமா?"ன்னு கேட்கிறவங்களுக்கு: என்ட்ரி ஃபீஸ் வேற, நன்கொடை வேற. நன்கொடைக்குன்னு தனியா 80ஜி ரசீது தந்தா மட்டும்தான் கழிவு, அதுவும் பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்குத்தான். புதிய முறையில கிடையாது.

கடைசியா தேதிகள். என்ட்ரி ஃபீஸ் பெரும்பாலும் திரும்ப வராது, வேற ஆள் பேருக்கு மாத்தவும் விட மாட்டாங்க. சீக்கிரம் பதிவு பண்ணினா 200 ரூபாய் குறையும்னு ஆறு மாசம் முன்னாடியே நாலு ரன்னுக்குக் கட்டிட்டு, ரெண்டுக்குப் போகாம விட்டா அது தள்ளுபடி இல்லை. ரயில் முன்பதிவு 2024 நவம்பர்ல இருந்து 60 நாள் முன்னாடிதான் திறக்குது. அதனால முதல்ல பதிவு, அன்னைக்கே காசு திரும்பக் கிடைக்கிற மாதிரி ஒரு ரூம் புக்கிங், 60-வது நாள் காலையில டிக்கெட். இந்த வரிசையில போங்க. மேலே போட்ட ரெண்டு கணக்கும் ஒரு ஷீட்டா வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு மக்களே, காப்பி எடுத்து உங்க ஊர், உங்க தூரம் போட்டுப் பாருங்க.