உங்களுக்குத் தெரியுமா? பெர்முடாவின் லெவராக்

2007 மார்ச் 19, டிரினிடாடின் குயின்ஸ் பார்க் ஓவல் மைதானம். உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு எதிராக பெர்முடாவின் 17 வயது மலாக்கி ஜோன்ஸ் வீசிய முதல் பந்து, ராபின் உத்தப்பாவின் மட்டை விளிம்பில் பட்டு ஸ்லிப் பக்கம் பறந்தது. அங்கே நின்றவர் சுமார் 127 கிலோ எடையுள்ள டுவைன் லெவராக். வலப்பக்கம் பாய்ந்து, ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்தபடியே தரையில் விழுந்தார். அடுத்த நொடி எழுந்து மைதானத்தில் ஓட ஆரம்பித்துவிட்டார்!

அந்த ஒரு கேட்ச்சை மட்டும் வைத்து அவரை நினைவுகூர்வது அநியாயம். சுமார் 65,000 பேர் வாழும் அட்லாண்டிக் தீவான பெர்முடாவில் அவர் ஒரு போலீஸ்காரராக இருந்தார்; கைதிகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டியவர். ஆடுகளத்தில் அசல் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். 32 ஒருநாள் போட்டிகளில் 34 விக்கெட்டுகள். கென்யாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5. உலகக் கோப்பைக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் இங்கிலாந்தின் பீட்டர்சனும் காலிங்வுட்டும் அவர் சுழலில்தான் வீழ்ந்தார்கள்.

அந்தக் கேட்ச் பிடித்த ஆட்டத்தில் இந்தியா 413 ரன் குவித்தது; அன்று அவர் 10 ஓவரில் 96 ரன் கொடுத்தார். ஆனாலும் 89 ரன்னில் இருந்த கங்குலியை ஸ்டம்பிங் ஆக வைத்ததும் அவர்தான்.