உங்களுக்குத் தெரியுமா? கப்பலில் 14 நாள்கள்

2020 பிப்ரவரி 3 அன்று ஜப்பானின் யோகோகாமா துறைமுகத்தை அடைந்த 'டயமண்ட் பிரின்சஸ்' உல்லாசக் கப்பலில் இருந்த 3,711 பேரில், 132 பணியாளர்களும் 6 பயணிகளுமாக 138 பேர் இந்தியர்கள். அப்பணியாளர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். நோய் வெளிப்படக்கூடிய காலம் முழுவதும் ஒருவரைப் பிறரிடமிருந்து விலக்கி வைக்கும் தனிமைப்படுத்தல், கொரோனா தொற்றின் காரணமாகப் பிப்ரவரி 5 முதல் 14 நாள்களுக்கு அங்கு நடைமுறைக்கு வந்தது. பயணிகள் அறைகளுக்குள் இருக்க, சன்னலற்ற உள்ளறைகளில் தங்கியோர் மட்டும் முறைவைத்து மேல்தளத்தில் சிறிது நேரம் நடக்க அனுமதிக்கப்பட்டனர். பணியாளர்களோ ஒவ்வோர் அறை வாசலுக்கும் உணவைக் கொண்டு சேர்த்துவிட்டு, தாம் மட்டும் பொதுக்கூடத்தில் உண்டு, பகிர்ந்துகொண்ட சிற்றறைகளிலேயே உறங்கினர்; உழைத்தவர்களுக்குத் தனிமையின் பாதுகாப்பு கிட்டாமற் போனதே அந்நடவடிக்கையின் பெருங்குறை. மொத்தம் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. பிப்ரவரி 27 அன்று விமானத்தில் டெல்லிக்கு அழைத்து வரப்பட்ட 119 இந்தியர்கள், மானேசரில் இராணுவம் நடத்திய முகாமில் மீண்டும் தனித்து வைக்கப்பட்டனர்.

கடற்கரையே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டமும் அவ்வாண்டில் விலக்கி வைத்தலின் கடுமையை அறிந்தது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஜூஜூவாடி எல்லையில், கர்நாடகத்திலிருந்து வருவோரிடம் இ-பாஸ் எனப்பட்ட மின்னணு அனுமதிச் சீட்டு கோரப்பட்டது. 2020 ஏப்ரல் இறுதியில், தொற்றுப் பதிவாகாத பச்சை மண்டலமாகத் தமிழ்நாட்டில் எஞ்சியிருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. மே தொடக்கத்தில் அங்கும் தொற்று உறுதியானது.