உணவு விதியும் உள்ளத் தூய்மையும்

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையை அடுத்துள்ள பழவங்காடியில் சற்று நேரம் நின்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். மனிதன் உண்ணும் உணவு அவன் வயிற்றை மட்டும் சார்ந்ததன்று. அவன் வணங்கும் இறைவனையும், பிறந்த குடியையும், போற்றும் ஒழுக்கத்தையும் சார்ந்தது. மகாகணபதி கோயிலின் முன் தேங்காய் உடைபடும் ஓசை, நடை திறந்திருக்கும் வேளையெல்லாம் கேட்கிறது. கோட்டைக்குள் உள்ள அக்கிரகார இல்லங்கள் பலவற்றில் மரக்கறி உணவே சமைக்கப்படுகிறது. தெற்கே மணக்காட்டுப் பக்கத்தில் வாழும் முஸ்லிம் அன்பர்கள், இறைவன் பெயர் கூறி அறுக்கப்பட்ட இறைச்சியையே ஏற்பர். ஈஸ்டருக்கு முந்திய ஐம்பது நோன்பு தொடங்கிவிட்டால், சிரியன் கிறிஸ்தவ இல்லங்கள் பலவும் இறைச்சியையும் மீனையும் முட்டையையும் விலக்கிவிடுகின்றன.

நெல்லைச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் தொழிலும் வாணிகமும் நாடி வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களும் இவர்களுக்கிடையே வாழ்கின்றன. "நமக்கு உணவில் விலக்கு ஒன்றுமில்லை, எதையும் உண்ணலாம்" என்று நம்மவர் கூறுவது வழக்கம். ஆனால் நம் பிள்ளைகளோ பள்ளியில் பல வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிறார்கள். ஒருவன் இறைச்சி தொடுவதில்லை. ஒருத்தி அன்று நோன்பு. வீடு திரும்பிய பிள்ளை, "அவர்களுக்கெல்லாம் ஒரு முறை இருக்கிறதே, நமக்கு ஏன் ஒன்றுமில்லை?" என்று கேட்டால், பெற்றோர் என்ன விடை கூறுவர்? வேதத்தின் உணவு விதிகளை இவ்விடத்தில் சற்று ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

விலக்கப்பட்டவை எவை?

லேவியராகமத்தின் 11-ஆம் அதிகாரமும் உபாகமத்தின் 14-ஆம் அதிகாரமும் இவ்விதிகளை வரிசையாகக் கூறுகின்றன. நிலத்தில் வாழும் விலங்குகளில் விரிகுளம்பும் அசைபோடும் இயல்பும் ஒருங்கே உடையவை உண்ணத்தக்கவை; ஆடும் மாடும் மானும் இவ்வகையின. பன்றிக்குக் குளம்பு பிளந்திருப்பினும் அது அசைபோடுவதில்லை. ஒட்டகம் அசைபோடினும் அதற்கு விரிகுளம்பில்லை. ஆகவே இரண்டும் விலக்கு. நீர்வாழ்வனவற்றில் செதிளும் துடுப்பும் உடையவற்றை மட்டுமே உண்ணலாம். நம் ஊர் மீன் சந்தையில் இவ்விதியைக் கைக்கொண்டு ஒருவர் நடந்தால் அவர் கூடையில் சாளையும் அயிலையும் விழும். இறாலும் நண்டும் கணவாயும் சுறாவும் திருக்கையும் கெளுத்தியும் விழமாட்டா.

இவையன்றி வேறு இரு கட்டளைகளும் உண்டு. இரத்தத்தை உண்ணலாகாது, உயிர் இரத்தத்தில் உள்ளது என்பதே அதற்குக் காட்டப்படும் காரணம். வேட்டையாடிக் கொன்ற விலங்கின் இரத்தத்தையும் தரையில் ஊற்றி மண்ணால் மூடவேண்டும். இன்னொன்று, ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலேயே சமைக்கலாகாது என்பது. யாத்திராகமத்தில் இரு முறையும் உபாகமத்தில் ஒரு முறையுமாக இக்கட்டளை மும்முறை கூறப்பட்டுள்ளது.

விதியின் நோக்கம்

இவ்விதிகள் உடல் நலத்துக்காக ஏற்பட்டவை என்று கூறுவோர் பண்டு முதல் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதப் பேரறிஞரும் மருத்துவருமான மைமோனிடீஸ் அவ்வகை விளக்கம் தந்தார். மானிடவியலறிஞர் மேரி டக்ளஸ் 1966-இல் வேறொரு விளக்கத்தைக் கூறினார்: நிலம், நீர், வானம் ஆகிய ஒவ்வொன்றிலும் தன் இனத்துக்குரிய முழு இயல்போடு அமைந்த உயிர்களே தூயவையாகவும், இயல்பில் கலப்புடையவை தூய்மையற்றவையாகவும் எண்ணப்பட்டன என்பது அவர் கருத்து. அறிஞர் உலகில் இன்றும் இதுபற்றி ஒரு முடிவில்லை.

ஆயினும் வேதம் தானே கூறும் காரணம் ஒன்றே. லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தின் இறுதியில், தாம் பரிசுத்தர் ஆகையால் தம் மக்களும் பரிசுத்தராய் இருக்கவேண்டும் என்று கடவுள் கூறுகிறார். நோயைப் பற்றியோ செரிமானத்தைப் பற்றியோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. இங்குதான் நாம் கற்கவேண்டிய முதற்பாடம் அமைந்துள்ளது. பரிசுத்தம் என்றால் ஆலயமும் பலிபீடமும் குருவின் அங்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவ்விதியோ பரிசுத்தத்தை அடுக்களைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆண்டுக்கு ஒரு முறை திருவிழாவுக்குச் செல்பவன் கடவுளை ஆண்டுக்கு ஒரு முறை நினைப்பான். உலைப்பானையில் அரிசி இடும்போதே அவரை நினைக்கக் கற்றவள் நாள்தோறும் நினைப்பாள். மனிதனுக்குப் பசி தவறாமல் வரும். அந்தப் பசியையே நினைவூட்டும் மணியாக ஆக்கிவைத்தது இவ்விதி. கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்கு உரியதன்று என்னும் அடக்கத்தையும், ஓர் உயிரைக் கொன்று உண்ணும்போதும் அவ்வுயிர் தன்னுடையதன்று என்னும் அச்சத்தையும் அது பழக்கிற்று.

கொச்சியில் ஒரு சான்று

இவ்விதி மக்கள் வாழ்வில் எவ்வாறு வேரூன்றும் என்பதற்குச் சான்று தேடிப் பாலஸ்தீனம் வரை செல்லவேண்டுவதில்லை; நம் கேரள நாட்டிலேயே கொச்சியில் அது உண்டு. மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுப்பப்பட்ட பரதேசி யூத ஆலயம் இன்றும் நிற்கிறது. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்குச் சென்று குடியேறிவிட்டனர். இன்று கேரளத்தில் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்கள் பல நூற்றாண்டுகள் இங்கு வாழ்ந்தபோது இறைச்சியையும் பாலையும் கலவாமல் சமைத்தனர். இறைச்சிக் குழம்புக்குச் சுவையும் செறிவும் வேண்டியபோது மாட்டுப்பாலையும் தயிரையும் விடுத்துத் தேங்காய்ப்பாலைச் சேர்த்தனர். விதியும் தவறவில்லை, வந்த நாட்டின் சுவையும் அவர்களை விட்டு விலகவில்லை. புகுந்த ஊரின் தேங்காயைக் கொண்டே தம் முன்னோரின் கட்டளையைக் காத்த அம்மக்களிடம், நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோர் கற்கவேண்டியது மிகுதி.

சிரியன் கிறிஸ்தவர்களிடையேயும் இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க ஒரு வழக்கம் உண்டு. பெரிய வியாழன் இரவில் அவர்கள் இல்லங்களில் பெசகா அப்பம் செய்வர். அரிசிமாவும் உளுந்தும் சேர்த்துப் புளிக்கவைக்காமல் சமைத்த அவ்வப்பத்தைக் குடும்பத் தலைவர் செபித்துப் பிட்டு, மூத்தவர் முதல் இளையவர் வரை முறையாக வழங்குவார். வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பானமும் உடன் வழங்கப்பெறும். அவ்வாண்டில் சாவு நேர்ந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை; அண்டை வீட்டார் கொண்டுவந்து கொடுப்பர். ஆலயத்தில் நடைபெறும் வழிபாட்டுக்கு இணையாக இல்லத்திலும் ஒரு வழிபாடு, அதுவும் உணவைக்கொண்டே நடைபெறுவதை இங்குக் காண்கிறோம்.

வேலியும் விருந்தும்

அப்படியாயின் கிறிஸ்தவர் இவ்விதிகளை ஏன் கைக்கொள்வதில்லை? எத்தியோப்பிய நாட்டுப் பழைய திருச்சபையார் இன்றும் பன்றியிறைச்சி உண்பதில்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாரும் லேவியராகம விலக்குகளை மதிக்கின்றனர். ஏனைய சபைகளிற் பெரும்பாலானவை அவற்றைக் கட்டாயமாகக் கொள்வதில்லை. வெளியிலிருந்து உள்ளே செல்வது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளத்திலிருந்து புறப்படும் தீய எண்ணமே தீட்டுப்படுத்தும் என்னும் இயேசுவின் போதனை இதற்கு அடிப்படை. அப்போஸ்தலருடைய நடபடிகள் 10-ஆம் அதிகாரத்தில் பேதுரு கண்ட தரிசனமும் நாம் அறிந்ததே. தோல் பதனிடும் சீமோன் வீட்டு மேல்தளத்தில் பசியோடிருந்த அவருக்கு, விலக்கப்பட்ட உயிர்கள் நிறைந்த ஒரு விரிப்பு வானத்திலிருந்து இறங்கிற்று. அடித்துப் புசிக்கும்படி குரல் கேட்டது. அதன் பொருளை அவர் உணர்ந்தது ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டில்தான். எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று தாம் எண்ணலாகாது என்பதே அப்பொருள்.

உணவு விதி தன்னடக்கம் பழக்கியவரை அது நல்ல ஆசான். மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் வேலியாக அது மாறியபோதோ திருச்சபை அவ்வேலியைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அதன் பின்னரும் பேதுருவே அந்தியோகியாவில் சிலருக்கு அஞ்சிப் பிற இனத்தாரோடு உண்பதைத் தவிர்த்தார்; பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார்.

நம் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் இதனைப் படித்துப் பேதுருவைக் குறைகூற உரிமையற்றவர்கள். விலக்கப்பட்ட மீனை உண்ணத் தயங்காத நம்மவர், ஒரே ஆலயத்தில் வழிபடுவோருடன் ஒரு பந்தியில் உண்ணத் தயங்கினர். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை அறவே கைவிடவேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. இக்குறை கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. 1920களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது தமிழ்நாட்டையே கலக்கிற்று. ஆயினும் அதற்கு முன்னரே இதே திருவனந்தபுரத்தில், தைக்காட்டில் வாழ்ந்த தமிழர் ஒருவர் வேறு வழி காட்டினார். தைக்காடு அய்யாவு சுவாமிகள் (1814–1909) பல சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்தார் என்றும், அப்பந்தியில் அய்யன்காளியும் அமர்ந்தார் என்றும் அவர் வரலாறு கூறும். இந்நகரில் குடியேறிய தமிழ் மரபில் இத்தகைய ஒரு பந்தியும் உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும்.

பிரசாதமும் பக்கத்து வீடும்

பழவங்காடியில் வாழும் கிறிஸ்தவர்க்கு இவை பழங்கதைகள் அல்ல. விநாயக சதுர்த்தியன்று பக்கத்து வீட்டு அம்மாள் கொழுக்கட்டையும் உடைத்த தேங்காயும் தட்டில் ஏந்தி வாயிலில் நிற்கிறார். ஏற்பதா, மறுப்பதா? கொரிந்து நகரத்துச் சபையார் பவுலிடம் கேட்டது ஏறக்குறைய இதே கேள்வி. கோயிலில் படைக்கப்பட்ட இறைச்சி அந்நகரத்துச் சந்தையிலும் விற்கப்பட்டது. சந்தையில் வாங்குவதை ஆராயாமல் உண்ணலாம், பிறர் அழைத்த வீட்டிலும் இட்டதை உண்ணலாம், ஆயின் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் குறிப்பிட்டுச் சொன்னால் அவர் மனச்சாட்சியின் பொருட்டு உண்ணாதிருக்கலாம் என்பது பவுல் கூறிய விடையின் சாரம். இதனைக்கொண்டு சிலர் பிரசாதத்தை ஏற்பதில்லை. சிலர் அன்பின் அடையாளமாகப் பெற்றுக்கொள்கின்றனர். உண்பவர் உண்ணாதவரை இகழவும், உண்ணாதவர் உண்பவரைக் குற்றஞ்சாட்டவும் வேண்டா என்பது ரோமருக்கு எழுதிய நிருபத்தின் அறிவுரை. மறுப்பவர் தட்டைத் தள்ளாது, கைகூப்பி, இனிய சொல்லோடு தம் நிலையைக் கூறட்டும். சொல்லில் கடுமை புகுந்தால் உணவில் காத்த தூய்மையால் பயனில்லை.

நாம் கொடுக்கும் தட்டிலும் இதே கருத்து வேண்டும். கிறிஸ்துமஸ் நாளில் மரக்கறி உணவு உண்ணும் இல்லத்துக்கு முட்டை சேர்ந்த கேக்கை அனுப்புவது அன்பாகாது. அவர்களுக்கென வேறு பாத்திரத்தில் நெய்யப்பமோ முறுக்கோ செய்து அனுப்பும் தாய், பவுலின் நிருபத்தைத் தன் கையால் எழுதுகிறாள் என்றே கூறலாம். நமக்கு விலக்கில்லாத ஒன்றைப் பிறர் பொருட்டு விலக்குவதே சுதந்திரம் பெற்றவன் கொள்ளும் நோன்பு.

அடுக்களையில் பரிசுத்தம்

உணவு விதியைக் கூறும் அதே லேவியராகமம், 19-ஆம் அதிகாரத்தில் பரிசுத்தத்தை மேலும் விரித்துரைக்கிறது. வயலை ஓரம்வரை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடவேண்டும். கூலியாளின் கூலியை விடியும்வரை நிறுத்திவைக்கலாகாது. படியும் நிறையும் நேர்மையாய் இருத்தல் வேண்டும். அந்நியனைத் தன்னைப்போல் நேசிக்கவேண்டும். நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தீர்களே என்று அது நினைவூட்டுகிறது. சாலைக் கடைத்தெருவில் தராசு பிடிக்கும் தமிழ் வணிகர்க்கும், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் குடும்பத்தார்க்கும் இதைவிடத் தெளிவான உணவு விதி வேறில்லை. எதை உண்கிறோம் என்பதற்கு முன், உண்பது எவ்வழியில் வந்தது என்று அது கேட்கிறது.

உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின் அமைப்பும் கருதத்தக்கது. எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்று தொடங்கும் அவ்வதிகாரம், மூன்றாண்டுக்கு ஒரு முறை விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, லேவியனும் அந்நியனும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் உண்டு திருப்தியடையச் செய்யவேண்டும் என்று முடிகிறது. என்ன உண்பது என்னும் கேள்வியில் தொடங்கி, யாருக்கு உணவளிப்பது என்னும் கேள்வியில் முடிவதே வேதம் காட்டும் வழி.

ஆகவே, "நமக்கு ஏன் ஒரு விதியும் இல்லை?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பெற்றோர் தயங்காமல் விடை கூறலாம். நமக்கும் விதி உண்டு. உண்ணுமுன் நன்றி கூறுவது ஒன்று. சோற்றை வீணாக்காதிருப்பது ஒன்று. நேர்மையாய் ஈட்டியதை உண்பது ஒன்று. பக்கத்து வீட்டாரின் மனம் நோவாமல் உண்பது ஒன்று. எவரையும் பந்தியிலிருந்து விலக்காதிருப்பது ஒன்று. இந்நகரத்துக்கு நாமும் நம் முன்னோரும் அந்நியராய் வந்தபோது, முதல் வேளைச் சோறிட்ட ஒரு வீடு எங்கோ இருந்திருக்கும். இன்று வேலை தேடி வடநாட்டிலிருந்து வந்து இறங்கும் தொழிலாளிக்கும் பசி உண்டு. அவருக்காக ஒரு பிடி அரிசியைக் கூடுதலாக உலையில் இடும் இல்லத்தில், பரிசுத்தம் அன்றாடம் சமைக்கப்படுகிறது என்று நாம் உறுதியாய்க் கூறலாம். அத்தகைய இல்லங்கள் நம்மிடையே பெருகுக!